ஸ்லோஹேண்ட் ஆல்பத்துல கிளாப்டன் மட்டும் தான் வாசிச்சாரா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல இங்கிலீஷ் ராக் கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டனோட 1977 ஆல்பம் ஸ்லோஹேண்ட் பத்தி முக்கால் பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. தமிழ் பேப்பர்ல ஒரு ராக் ஆல்பத்துக்கு இவ்ளோ இடமான்னு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு, அதுக்கு முதல்ல நன்றி. ஆனா படிச்சு முடிச்சப்போ மனசு ஆறல. பாதிக்கு மேல பேட்டி பாய்ட்ங்கிற பெண்ணோட கதை தான். பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனோட மனைவியா இருந்த அவங்கள கிளாப்டன் காதலிச்சது, 1976 செப்டம்பர்ல ஒரு பார்ட்டிக்கு கிளம்ப அவங்க டிரஸ் மாத்திட்டு வர்ற வரைக்கும் கீழ உக்காந்து காத்திருந்தப்போ 'வொண்டர்ஃபுல் டுநைட்' எழுதினது, எல்லாம் உண்மை தான், நான் மறுக்கல. ஆனா அந்த ஆல்பத்துல 9 பாட்டு இருக்கு சார். மீதி 8 பாட்டும் எங்க போச்சு? பேஸ் கிட்டார் வாசிச்சவர் பேரு இல்ல, ட்ரம்ஸ் வாசிச்சவர் பேரு இல்ல, எந்த பாட்டு யார் எழுதினதுன்னு ஒரு வரி இல்ல, கடைசில அமெரிக்க கறுப்பு மக்கள் கிட்ட இருந்து வந்த ப்ளூஸும், கிராமத்து வெள்ளைக்காரங்க பாட்டுன்னு பேரான கன்ட்ரியும் கலந்த இந்த பாணிய கிளாப்டனே தனியா உக்காந்து கண்டுபிடிச்ச மாதிரி முடிச்சுட்டீங்க. இத அப்படியே விட்டுடக் கூடாதுன்னு தான் எழுதுறேன்.

அந்த 9 பாட்டுல கிளாப்டன் தனியா எழுதினது ரெண்டே ரெண்டு தான், 'வொண்டர்ஃபுல் டுநைட்', அப்புறம் 'நெக்ஸ்ட் டைம் யூ சீ ஹர்'. மூணு பாட்டு மத்தவங்களோட சேர்ந்து எழுதினது. மீதி நாலும் அடுத்தவங்க பாட்டு. 'கொக்கெய்ன்' ஜே.ஜே. கேல் பாட்டு, 'வி ஆர் ஆல் த வே' டான் வில்லியம்ஸ் பாட்டு, 'மே யூ நெவர்' ஜான் மார்ட்டின் பாட்டு, 'மீன் ஓல்ட் ஃபிரிஸ்கோ' ஆர்தர் க்ரூடப் பாட்டு. இத சொல்றதால கிளாப்டன் சின்ன ஆளா ஆயிட மாட்டாரு. இன்னும் சொல்லப்போனா யார் பாட்ட எடுக்கணும், யாரோட உக்காந்து வாசிக்கணும், எங்க தான் வாசிக்காம அடங்கி இருக்கணும்னு அவருக்கு அப்போ தெரிஞ்சிருந்தது பாருங்க, அதுல தான் இந்த ஆல்பமே நிக்குது.

இது லண்டன்ல ரெக்கார்ட் பண்ணின ஆல்பம் தான். 1977 மே மாசம், ஒலிம்பிக் ஸ்டூடியோ, தயாரிப்பு கிளின் ஜான்ஸ். ஆனா அந்த ரூம்ல வாசிச்ச முக்கியமான மூணு பேரும் அமெரிக்காவுல ஓக்லஹோமா மாநிலம் டல்சா ஊர்க்காரங்க. பேஸ் கார்ல் ரேடில், ட்ரம்ஸ் ஜேமி ஓல்டேகர், கீபோர்டு டிக் சிம்ஸ். ரேடில் அதுக்கு முன்னாடியே 1970ல டெரக் அண்ட் த டாமினோஸ்ல கிளாப்டன் கூட வாசிச்சவர். அந்த பேண்ட் உடைஞ்சு, கிளாப்டன் ஹெராயின் பழக்கத்துல வருஷக்கணக்கா வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தப்போ, டல்சாவுல ஓல்டேகர் சிம்ஸ் ரெண்டு பேரோட சேர்ந்து வாசிச்ச டேப்ப ரேடில் அனுப்பி வச்சாரு. கிளாப்டன் தெளிஞ்சு எந்திரிச்சு 1974ல '461 ஓஷன் பூலவர்ட்' ஆல்பம் போட்டப்போ கூட நின்னது இவங்க தான். அப்படி மூணு வருஷம் ஊர் ஊரா ஒண்ணா வாசிச்சு பழகின ஆளுங்க ஸ்டூடியோவுக்குள்ள வந்தா எப்படி இருக்கும், அது தான் ஸ்லோஹேண்ட். இந்த ஒரு விஷயம் கட்டுரைல இருந்திருந்தா நான் இந்த கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

டல்சா சாதாரண ஊர் இல்லீங்க. எண்ணெய் கிணறு காசுல வளர்ந்த ஊர். 1930கள்லயே பாப் வில்ஸ்னு ஒரு ஃபிடில் வித்வான் அங்க கெய்ன்ஸ் பால்ரூம்ங்கிற நடன அரங்குல இருந்து ரேடியோவுல வாசிச்சுக்கிட்டு இருந்தாரு, கன்ட்ரி பாட்டோட ஜாஸையும் ப்ளூஸையும் சேர்த்து ஜனங்க ஆடுறதுக்காகவே வாசிச்ச மியூசிக், வெஸ்டர்ன் ஸ்விங்னு சொல்லுவாங்க. லியான் ரசல் அந்த ஊர் தான், ஜே.ஜே. கேல் வளர்ந்ததும் அந்த ஊர் தான். அந்த ஊர் பசங்களுக்கு ப்ளூஸ் வேற கன்ட்ரி வேறன்னு பிரிச்சு பார்க்கவே தோணாது, சின்ன வயசுல இருந்து ரெண்டையும் ஒரே மேடைல கேட்டு வளர்ந்தவங்க. ஸ்லோஹேண்ட்ல இருக்கிற 'லே டவுன் சாலி' பாட்டு பத்தி கிளாப்டனே சொல்லியிருக்காரு, ஒரு இங்கிலீஷ்காரனா தன்னால முடிஞ்ச வரைக்கும் நெருங்கி போனதா, ஆனா பேண்ட் டல்சா பேண்ட்ங்கிறதால அவங்களுக்கு அது இயல்பாவே வர்றதா, அவங்கள இங்கிலீஷ் ராக் மாதிரி வாசிக்க வைக்கவே முடியாதுன்னு. பாட்ட போட்ட ஆளே இப்படி வெளிப்படையா சொல்லும்போது நாம ஏன் அந்த பேருங்கள மறைக்கணும்?

அந்த பாட்ட வாசகர்கள் ஒரு தடவை ஹெட்ஃபோன் போட்டு கேக்கணும்னு கெஞ்சி கேட்டுக்கிறேன். வலது கை உள்ளங்கை ஓரத்த, கிட்டார் கம்பி வந்து உக்கார்ற பிரிட்ஜ் பக்கத்துல கம்பி மேல லேசா வச்சு அமுக்கிட்டு வாசிக்கிறாங்க, அதனால நோட்டு நீளாம டக்டக்னு நின்னு நின்னு வரும், ஒரு கிட்டார் விட்ட இடத்துல இன்னொரு கிட்டார் பூந்துக்கும், எது கிளாப்டன் எது கூட வாசிச்ச இன்னொரு கிட்டாரிஸ்ட் ஜார்ஜ் டெர்ரின்னு ரொம்ப கூர்ந்து கேட்டா தான் பிடிபடும். கீழ ஓல்டேகர் சரக்கு ரயில் மாதிரி வேகம் கூடாம குறையாம ஓட்டிக்கிட்டே இருப்பாரு, ரேடிலோட பேஸ் ஒரு நோட்டு கூட தேவைக்கு மேல போகாது. சோலோ வந்தாலும் சத்தம் ஏறாது, பாட்டு எந்த அளவுல போய்க்கிட்டு இருந்துச்சோ அதே அளவுல தான் சோலோவும். கோரஸ்ல பின்னணி பாடகிங்க மார்சி லெவி குரலும் இவான் எலிமன் குரலும் சேர்றப்போ பாட்டு விரிஞ்சு குடுக்கும், அப்புறம் மறுபடியும் அந்த டக்டக். பாட்ட எழுதினதும் கிளாப்டன், மார்சி லெவி, ஜார்ஜ் டெர்ரி மூணு பேரும் சேர்ந்து தான். அமெரிக்காவுல பாப் சார்ட்ல 3ஆம் இடம் வரைக்கும் போன இந்த பாட்டு கன்ட்ரி சார்ட்லயும் 26ஆம் இடம் வந்துச்சு. ஒரு இங்கிலீஷ் ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் பாட்ட கன்ட்ரி ரேடியோ ஸ்டேஷன்காரங்க தங்களோட பாட்டா நினைச்சு போட்டாங்கன்னா அதுக்கு காரணம் அந்த மூணு டல்சாக்காரங்க கை தான்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

ஜே.ஜே. கேல் பத்தி தனியா ஒரு கட்டுரையே போடலாம் நீங்க. 'கொக்கெய்ன்' அவரோட 1976 ஆல்பம் ட்ரூபடோர்ல வந்த பாட்டு, அடுத்த வருஷமே கிளாப்டன் எடுத்துட்டாரு. அதுக்கு முன்னாடி 1970ல 'ஆஃப்டர் மிட்நைட்' எடுத்திருக்காரு, அதுவும் கேல் பாட்டு தான். கேல் பாடுறத கேட்டிருக்கீங்களா, குரல கிட்டாருக்கு பின்னால கொண்டு போய் வச்சிருப்பாரு, பக்கத்துல உக்காந்து நமக்கு மட்டும் சொல்ற மாதிரி பாடுவாரு. கிளாப்டன் கிட்ட அந்த அடக்கம் வந்ததே இவர கேட்டு தான். யோசிச்சு பாருங்க, அவர் க்ரீம் பேண்ட்ல 1966ல இருந்து 1968 வரைக்கும் ஆம்ப்ளிஃபையர் சத்தத்த முழுசா ஏத்தி வச்சுட்டு ஒரே பாட்ட கால் மணி நேரம் இழுத்து வாசிச்ச மனுஷன், லண்டன் சுவத்துல எல்லாம் அவர கடவுள்னு எழுதி வச்சாங்க. அந்த புகழ அப்படியே கறந்துக்கிட்டே இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அத விட்டுட்டு இப்படி கம்மியா வாசிக்க எவ்ளோ துணிச்சல் வேணும்! சோம்பேறித்தனமா வாசிச்சிருக்காருன்னு இந்த ஆல்பத்த சொல்ற கிட்டார் பசங்கள எனக்கு தெரியும், அவங்க ஒரு நாள் தாளத்த எண்ணிக் குடுக்கிற மெட்ரோனோம் போட்டுட்டு 'லே டவுன் சாலி' ரிதம மூணு நிமிஷம் விடாம வாசிச்சு பார்க்கட்டும், கை எங்க எங்க ஓடுதுன்னு அப்போ தெரியும்.

கேலுக்கு கிளாப்டன் நன்றி மறக்கல, அதையும் சொல்லியாகணும். 2006ல ரெண்டு பேரும் சேர்ந்து 'த ரோட் டு எஸ்கன்டிடோ' ஆல்பம் போட்டாங்க, கிராமி வாங்குச்சு. 2013ல கேல் இறந்த பிறகு அடுத்த வருஷம் அவர் பாட்டுங்கள மட்டுமே வச்சு ஒரு முழு ஆல்பம் போட்டாரு.

டான் வில்லியம்ஸ் பாட்டு 'வி ஆர் ஆல் த வே' பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். டெக்சாஸ்காரர், கன்ட்ரி உலகத்துல ஜென்டில் ஜெயன்ட்னு பேரு எடுத்தவர், ஆறடிக்கு மேல ஆள், குரல் மட்டும் தாலாட்டு. கிளாப்டன் அந்த பாட்ட கிட்டத்தட்ட முணுமுணுக்கிற அளவுல தான் பாடியிருப்பாரு, கிட்டார் இருக்கா இல்லையான்னே தெரியாது. ராக் ரசிகர்கள் அத தாண்டி போயிடுவாங்க, எனக்கு ஆல்பத்துலயே பிடிச்ச மூணு நிமிஷம் அது தான்.

அப்புறம் ப்ளூஸையும் கன்ட்ரியையும் கலந்தாருன்னு எழுதினீங்களே அதுக்கு வர்றேன். ரெண்டும் எப்பவுமே தனித்தனியா இருந்து 1977ல லண்டன்ல வந்து சேர்ந்த மாதிரி ஒரு எண்ணம் படிக்கிறவங்களுக்கு வரும். அப்படி இல்லீங்க. ரெண்டும் அமெரிக்க தெற்குல ஒரே மண்ணுல ஒரே வறுமைல வளர்ந்தது, பிரிச்சது ரெக்கார்ட் கம்பெனிங்க. கறுப்பு ஜனங்களுக்கு விக்கிறது ரேஸ் ரெக்கார்ட்னு ஒரு அலமாரி, வெள்ளைக்காரங்களுக்கு விக்கிறது ஹில்பில்லின்னு ஒரு அலமாரி. பில்போர்ட் பத்திரிகை 1949ல தான் அந்த பேருங்கள ரிதம் அண்ட் ப்ளூஸ், கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்னு மாத்துச்சு. ஆனா வாசிச்சவங்க வேலிய மதிச்சதே இல்ல. கன்ட்ரி மியூசிக்கோட தந்தைன்னு கொண்டாடுற ஜிம்மி ரோஜர்ஸ் மிசிசிப்பிக்காரர், அவர் பாடினதுல பாதி ப்ளூஸ் தான், 1930ல அவர் ரெக்கார்டுக்கு ட்ரம்பெட் வாசிச்சது லூயி ஆம்ஸ்ட்ராங்! ஹேங்க் வில்லியம்ஸ் சின்ன பையனா அலபாமாவுல கிட்டார் கத்துக்கிட்டது ரூஃபஸ் பெய்ன்னு தெருவுல பாடிக்கிட்டு இருந்த ஒரு கறுப்பு கலைஞர் கிட்ட. 1962ல ரே சார்ல்ஸ் முழுக்க முழுக்க கன்ட்ரி பாட்டாவே எடுத்து ஒரு ஆல்பம் போட்டு அமெரிக்காவயே திரும்பி பார்க்க வச்சாரு. இவ்ளோ நடந்து முடிஞ்ச பிறகு வந்தவர் கிளாப்டன்.

ஆர்தர் க்ரூடப் கதைய தெரிஞ்சுக்கிட்டா இது இன்னும் நல்லா புரியும். மிசிசிப்பில ஃபாரஸ்ட்ங்கிற ஊர்ல 1905ல பிறந்தவர், ப்ளூஸ் பாடகர். 'மீன் ஓல்ட் ஃபிரிஸ்கோ' அவர் 1942ல ரெக்கார்ட் பண்ணினது. அவரோட இன்னொரு பாட்டு 'தட்ஸ் ஆல் ரைட்'. அத 1954ல மெம்ஃபிஸ் சன் ஸ்டூடியோல 19 வயசு எல்விஸ் பிரெஸ்லி பாடினாரு, அது தான் எல்விஸோட முதல் ரெக்கார்ட். அந்த ரெக்கார்டோட இன்னொரு பக்கம் என்ன தெரியுமா? பில் மன்றோவோட புளூகிராஸ் பாட்டு, பச்சை கன்ட்ரி. ஒரே தட்டுல ஒரு பக்கம் ப்ளூஸ் ஒரு பக்கம் கன்ட்ரி, ராக் அண்ட் ரோல் கிளம்பினதே அப்படித்தான். எல்விஸ் உலகத்துக்கே ராஜா ஆனாரு. க்ரூடப்புக்கு என்ன கிடைச்சுது? அவருக்கு சேர வேண்டிய ராயல்டி ஒழுங்கா வரவே இல்ல, கூலி வேலை செஞ்சு தான் குடும்பத்த ஓட்டினாரு, ராயல்டிக்காக போராடி போராடியே 1974ல இறந்தாரு. ஸ்லோஹேண்ட்ல அவர் பாட்டு வந்தப்போ அவர் செத்து மூணு வருஷம் ஆயிருந்துச்சு. கிளாப்டன் அந்த பாட்ட வேகத்த குறைச்சு, கம்பி மேல வழுக்கி ஓடுற ஸ்லைடு குழாய விரல்ல மாட்டிக்கிட்டு சேத்துல நடக்கிற மாதிரி கனமா வாசிச்சிருப்பாரு, ரொம்ப நல்லா இருக்கும். வாழ்நாள் பூரா பேரும் காசும் மறுக்கப்பட்ட ஒரு மனுஷனோட பாட்டு இருக்கிற ஆல்பத்த பத்தி எழுதும்போது அவர் பேர இன்னொரு தடவை விட்டுட்டா எப்படி சார்? எனக்கு ரொம்ப வருத்தமா இருந்தது இந்த இடம் தான்.

கட்டுரை தொடாத இன்னொரு விஷயமும் இருக்கு, கிளாப்டன எனக்கு பிடிக்கும்ங்கிறதுக்காக நான் அத மறைக்க போறதில்ல. இந்த ஆல்பம் ரெக்கார்ட் பண்றதுக்கு முந்தின வருஷம், 1976 ஆகஸ்ட்ல, பர்மிங்காம் மேடைல குடிபோதைல நின்னுக்கிட்டு வெளிநாட்டுல இருந்து வந்தவங்கள எல்லாம் நாட்ட விட்டு அனுப்பணும்னு, குடியேற்றத்த எதிர்த்த அரசியல்வாதி இனொக் பவல் சொல்றது தான் சரின்னு அசிங்கமா பேசினாரு. கறுப்பு மக்களோட பாட்ட வாசிச்சு வாழ்ந்த மனுஷன் பேசின பேச்சு அது, இன்னைக்கும் படிச்சா வயிறு எரியுது. அத கண்டிச்சு ரெட் சாண்டர்ஸும் அவர் நண்பர்களும் இங்கிலாந்து மியூசிக் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினாங்க, உன் மியூசிக்ல பாதி கறுப்பு மக்களோடது தானேன்னு நேரா கேட்டாங்க, அந்த வாசகர் கடிதத்துல இருந்து தான் ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்ங்கிற இனவெறி எதிர்ப்பு இயக்கமே கிளம்புச்சு. ரொம்ப வருஷம் கழிச்சு 2018ல தான் கிளாப்டன் அத நினைச்சு வெக்கப்படுறதா வெளிப்படையா சொன்னாரு. பேட்டி பாய்டுக்கு அரை பக்கம் குடுத்த கட்டுரைல இதுக்கு ரெண்டு வரி குடுத்திருக்கலாம். இத தெரிஞ்சுக்கிட்டு 'மீன் ஓல்ட் ஃபிரிஸ்கோ' கேக்கிறதும் தெரியாம கேக்கிறதும் ஒண்ணு இல்ல. நான் இன்னும் அந்த ஆல்பத்த கேக்கிறேன், விரும்பி தான் கேக்கிறேன், ஆனா கிளாப்டன கும்பிட்டுக்கிட்டு கேக்கல.

விற்பனை பத்தி எழுதினதுலயும் ஒண்ணு விட்டுப்போச்சு. ஆல்பம் அமெரிக்காவுல 2ஆம் இடம் வரைக்கும் போச்சுன்னு போட்டிருந்தீங்க, சரி தான். முதல் இடத்துல அசையாம உக்காந்திருந்தது 'சாட்டர்டே நைட் ஃபீவர்' பட பாட்டு ஆல்பம், அதுவும் ஸ்லோஹேண்ட் போட்ட அதே ஆர்எஸ்ஓ ரெக்கார்ட் கம்பெனி தான். ஸ்லோஹேண்ட்ல பின்னணி பாடின இவான் எலிமன் அந்த படத்துல பாடின பாட்டு தனியா முதல் இடம் வந்துச்சு. ஸ்லோஹேண்ட்ல வர்ற 'பீச்சஸ் அண்ட் டீசல்' பாட்ட கிளாப்டன் கூட சேர்ந்து எழுதின ஆல்பி கலூட்டன் தான், அந்த படத்துல பாடின பீ ஜீஸ் பேண்டுக்கு அந்த டிஸ்கோ பாட்டுங்கள சேர்ந்து தயாரிச்சவர். மார்சி லெவி பின்னாடி மார்செல்லா டெட்ராய்ட்னு பேர மாத்திக்கிட்டு 1992ல ஷேக்ஸ்பியர்ஸ் சிஸ்டர்ங்கிற பேண்ட்ல பாடி இங்கிலாந்துல முதல் இடத்துக்கு வந்தாங்க. ஸ்லோஹேண்டோட 'த கோர்' பாட்டுல சாக்ஸபோன்ல பின்னி எடுத்த மெல் காலின்ஸ் தான் அடுத்த வருஷம் ரோலிங் ஸ்டோன்ஸோட 'மிஸ் யூ' பாட்டுல சாக்ஸபோன் வாசிச்சவர். ஒவ்வொரு பேருக்கு பின்னாலயும் இவ்ளோ இருக்கு, இதெல்லாம் ஆல்பம் கவர்ல அச்சடிச்சிருக்கிற பேருங்க, தேடி அலைய வேண்டியதே இல்ல.

டல்சாக்காரங்களுக்கு பின்னாடி நடந்தது சோகம். 1979ல கிளாப்டன் அந்த பேண்ட கலைச்சுட்டு இங்கிலீஷ் ஆளுங்கள வச்சுக்கிட்டாரு. அடுத்த வருஷமே 1980 மே மாசம் கார்ல் ரேடில் 37 வயசுல செத்துப்போனாரு, போதை பழக்கத்தால உடம்பு கெட்டு கிட்னி போயிருந்துச்சு. டிக் சிம்ஸ் 2011ல, ஜேமி ஓல்டேகர் 2020ல. மூணு பேரும் இல்ல இப்போ. 'வொண்டர்ஃபுல் டுநைட்' ரேடியோல போடும்போதெல்லாம் பின்னால மெதுவா படர்ற அந்த ஆர்கன் சிம்ஸோட கை தான், கல்யாண ரிசப்ஷன்ல அந்த பாட்டுக்கு ஆடுற எத்தனை பேருக்கு அந்த பேரு தெரியும்?

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் பெருசா ஒண்ணும் இல்ல. மேல்நாட்டு ஆல்பம் பத்தி கட்டுரை போடும்போது கடைசில ஒரு சின்ன கட்டம் கட்டி யார் யார் என்ன வாசிச்சாங்க, எந்த பாட்ட யார் எழுதினாங்க, எங்க எப்போ ரெக்கார்ட் ஆச்சு, தயாரிப்பு யாருன்னு போடுங்க, சினிமா விமர்சனத்துல போடுற மாதிரி தான். அப்புறம் முடிஞ்சா அடுத்த மாசம் கேலோட ட்ரூபடோர் பத்தி யாரையாவது எழுத சொல்லுங்க, தமிழ்ல அந்த மனுஷன பத்தி எழுதி நான் பார்த்ததே இல்ல, ஸ்லோஹேண்ட் பிடிச்சவங்களுக்கு அது கண்டிப்பா பிடிக்கும், 'கொக்கெய்ன்' ரெண்டு வெர்ஷனையும் அடுத்தடுத்து கேட்டுட்டு எழுதுறவங்களா இருந்தா இன்னும் நல்லது.

கடிதம் நீளமா போயிடுச்சு, இடம் பத்தலன்னா சார்ட், விற்பனை பத்தி எழுதினத தாராளமா வெட்டிக்கோங்க. க்ரூடப் பத்தி இருக்கிறதயும் அந்த மூணு டல்சாக்காரங்க பேரையும் மட்டும் வெட்டாம போட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகன்,
திருச்சி